கேத்தரின் கிரகாம்

கேத்தரின் கிரகாம் (16 ஜூன் 1917 – 17 ஜூலை 2001) அமெரிக்கப் பத்திரிகை அதிபர். 'தி வாஷிங்டன் போஸ்ட்' நிறுவனத்தை ஏறக்குறைய முப்பது ஆண்டு நடத்தியவர். எண்பதை நெருங்கும் வயதில் எழுதிய தன்வரலாற்றுக்காகப் புலிட்சர் பரிசும் பெற்றார்.

தந்தை யூஜின் மேயர் வால் ஸ்ட்ரீட்டில் பெரும்பொருள் ஈட்டியவர்; அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராகவும் இருந்தவர். 1933 ஜூன் 1இல், திவாலாகிக் கிடந்த போஸ்ட் அதன் அலுவலக வாசற்படியிலேயே ஏலத்துக்கு வந்தது. வழக்கறிஞர் ஒருவர், யாருக்காகக் கேட்கிறார் என்பதைச் சொல்லாமலே 8,25,000 டாலருக்கு எடுத்தார். வாங்கியவர் மேயர். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கே விஷயம் பிறகுதான் தெரிந்தது. தலைநகரின் ஐந்து நாளிதழ்களில் போஸ்ட் அன்று கடைசி இடத்தில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் மேயர் கைக்காசைப் போட்டே நடத்தினார். 1954இல் போட்டி இதழான 'டைம்ஸ்-ஹெரால்டு' வாங்கப்பட்ட பிறகுதான் போஸ்ட் நிமிர்ந்தது.

கேத்தரின் 1938இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 'சான் பிரான்சிஸ்கோ நியூஸ்' இதழில் நிருபரானார். மறு ஆண்டே போஸ்டில் வாசகர் கடிதப் பகுதியைக் கவனித்தார். வாரச் சம்பளம் 25 டாலர். 1940இல் வழக்கறிஞர் பிலிப் கிரகாமை மணந்தார். 1946இல் மேயர் உலக வங்கியின் முதல் தலைவராகப் போனபோது, இதழ் மருமகன் பொறுப்புக்கு வந்தது. வாக்குரிமைப் பங்குகளைப் பிரித்தபோதும் மருமகனுக்கே பெரும்பகுதி. மனைவியிடம் வேலை பார்க்கும் நிலை எந்த ஆணுக்கும் வரக்கூடாது என்பது மேயரின் எண்ணம். கேத்தரினும் அன்று அதை இயல்பாகவே ஏற்றுக்கொண்டார்.

நெடுநாள் மனநோயால் அவதிப்பட்ட பிலிப், 1963 ஆகஸ்டில் வர்ஜீனியாவிலிருந்த பண்ணை வீட்டில் தற்கொலை செய்துகொண்டார். நான்கு பிள்ளைகளின் தாயான கேத்தரின், நிர்வாக அனுபவம் ஏதுமில்லாமல் 46ஆம் வயதில் நிறுவனத் தலைவரானார். இயக்குநர் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் பெண்.

1971 ஜூன் 17 மாலை, ஓய்வுபெறும் வணிக மேலாளருக்குக் கேத்தரின் வீட்டில் பிரிவு உபசார விருந்து. வாழ்த்துரைக்கு நடுவே தொலைபேசி அழைப்பு வந்தது. வியட்நாம் போர் குறித்த ரகசிய ஆவணங்களை 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட நீதிமன்றம் தடை விதித்திருந்தது. அவற்றின் படிகள் இப்போது போஸ்ட் கையில். ஆசிரியர் பென் பிராட்லி போட்டே ஆகவேண்டும் என்றார். வழக்கறிஞர்கள் பொறுக்கச் சொன்னார்கள். நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்து இரண்டே நாள். வழக்கு வந்தால் தொலைக்காட்சி உரிமங்களும் பறிபோகலாம். இரு தரப்பையும் கேட்டுவிட்டு, வெளியிடச் சொன்னார் கிரகாம். ஜூன் 30இல் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் பத்திரிகைகள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்து வெளியிட்ட வாட்டர்கேட் அரசியல் ஊழல் செய்திகளுக்காக 1973இல் போஸ்ட் புலிட்சர் பரிசு பெற்றது.

வணிகப் பாடத்தைக் கேத்தரினுக்குச் சொல்லிக்கொடுத்தவர் முதலீட்டாளர் வாரன் பஃபெட். 1973இல் போஸ்ட் பங்குகளை வாங்கிக் குவித்த அவர், பல நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைக் கொண்டுவந்து வரிவரியாக விளக்கினார். 1975 அக்டோபரில் அச்சுத் தொழிலாளர்கள் எந்திரங்களைச் சேதப்படுத்திவிட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, நிர்வாகம் மாற்று ஆட்களை வைத்து இதழை நடத்தியது.

பொறுப்புகளை மகன் டொனால்டிடம் ஒப்படைத்தபின் எழுத உட்கார்ந்தார். பெரிய மனிதர்கள் ஆள் வைத்து எழுதும் வழக்கத்துக்கு மாறாக, மஞ்சள் தாள்களில் கைப்படவே எழுதினார். ஆய்வு உதவியாளர் கடிதங்களையும் நேர்காணல்களையும் திரட்டித் தந்தார். பதிப்பாசிரியர் ராபர்ட் காட்லீப் செப்பனிட்டார். 1997இல் வெளிவந்த 'பெர்சனல் ஹிஸ்டரி'யில் தாயின் அலட்சியம், கணவரின் நோய், அவருடைய வேறு உறவு, தன் தாழ்வு மனப்பான்மை எதையும் அவர் மறைக்கவில்லை. பத்திரிகை அதிபர்களின் சுயசரிதைகளில் காணக்கிடைக்காத இந்த வெளிப்படைத்தன்மையே நூலின் வலு. 1998இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஐடாஹோவில் தவறி விழுந்து தலையில் அடிபட்டு 2001இல் காலமானார். வாஷிங்டன் பற்றி அவர் தொகுத்த நூல் மறு ஆண்டு வெளிவந்தது. 2013இல் போஸ்ட் 25 கோடி டாலருக்குத் தொழிலதிபர் ஜெஃப் பெசோஸ் வசமானது. 2017இல் வெளிவந்த 'தி போஸ்ட்' திரைப்படத்தில் மெரில் ஸ்ட்ரீப் கிரகாமாக நடித்தார்.