சீனரல்லாத இரு சாட்சிகள்: அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் சீன வணிகரின் கோப்பு, 1892–1900

அமெரிக்காவில் சீனத் தொழிலாளர் நுழைவைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி எழுதுவோர் லூசி சாலியரின் ‘லாஸ் ஹார்ஷ் ஆஸ் டைகர்ஸ்’ (1995) என்ற நூலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. சீனர்களை ஒடுக்குமுறைக்கு ஆளானவர்களாக மட்டுமே காட்டிய பழைய வரலாற்றை மாற்றி, அவர்களை வழக்காடியவர்களாக நிறுத்தியது அந்நூல். 1882க்கும் 1890க்கும் இடையில் சான் பிரான்சிஸ்கோவின் கூட்டாட்சி நீதிமன்றங்களில் சீனர் தொடுத்த ஆட்கொணர்வு மனுக்கள் 7,000க்கும் மேல். அவற்றில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை சுங்க அதிகாரியின் முடிவுக்கு எதிராகத் தீர்ந்தன. நீதிபதிகள் சீனர்மீது பரிவு கொண்டதால் இது நடக்கவில்லை. சாட்சிய விதிகளை மீற அவர்களுக்கு மனம் வரவில்லை. இந்த வெற்றிகளே அதிகாரிகளின் கையில் இறுதி முடிவை ஒப்படைக்கும் சட்டங்களுக்கு வழிவகுத்தன என்றும், உச்ச நீதிமன்றத்தின் 1905ஆம் ஆண்டு ஜு டாய் தீர்ப்பு நீதிமன்ற வாயிலை அடைத்தது என்றும் சாலியர் வாதிடுகிறார்.

முதல் பகுதியை நான் முழுமையாக ஏற்கிறேன். 1905 என்ற திருப்புமுனையை ஏற்க இயலவில்லை. அவருடைய அளவுகோல் மனு. வழக்கறிஞரின் உழைப்பு மனுவாக நீதிமன்றத்துக்கு வந்தால்தான் அது அவர் கணக்கில் எடையோடு விழுகிறது. கூலித் தொழிலாளிக்கும், பிறப்பால் குடியுரிமை கோரியவருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். பசிபிக்கின் இரு கரையிலும் கடை வைத்திருந்த வணிகருக்குப் பொருந்தாது. ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவோடு வணிகம் செய்த ‘தங்கமலை’ நிறுவனங்களோடு சரக்கும் பணமும் மாற்றிக்கொண்டிருந்த இந்த வணிகருக்குப் போக்குவரத்தே தொழில். அவர் வழக்கறிஞரிடம் போனது கப்பலிலிருந்து இறங்க விடாதபோது மட்டுமன்று. கப்பல் ஏறுவதற்கு முன்பும்தான். 1894, 1895ஆம் ஆண்டுகளின் மாற்றங்களைச் சாலியரும் விவரிக்கிறார். ஆனால் அவை 1905க்கு ஏறும் படிகளாகவே அவர் நூலில் நிற்கின்றன. வணிகரைப் பொறுத்தவரை ஏற வேண்டிய படி அப்போதே முடிந்துவிட்டது என்பது என் துணிபு.

லாவ் ஓ பியூ வழக்கை முதலில் பார்க்கலாம். போர்ட்லாந்தில் ‘ஹாப் சோங்’ என்ற பெயரில் மொத்த இறக்குமதி வணிகம் நடத்தியவர் இவர். 1890 செப்டம்பரில் உறவினரைப் பார்க்கச் சீனா போய், 1891 ஆகஸ்டில் ‘ஓஷியானிக்’ கப்பலில் திரும்பினார். சீன அரசின் சான்றிதழ் இல்லையென்று தடுக்கப்பட்டார். அவருடைய மனு விவரங்களைத் தீர்ப்பறிக்கையில் படிக்கும்போது கண் நிலைப்பது அதில் உள்ள வணிகக் கணக்கின்மீது: நிறுவனத்தின் மதிப்பு 40,000 டாலர், அதில் நான்கில் ஒரு பங்கு இவருடையது, ஆண்டு வணிகம் 1,00,000 டாலர், இறக்குமதித் தீர்வையாக அரசுக்குப் பல ஆயிரம் டாலர். 1892 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: இங்கேயே குடியிருந்து தற்காலிகமாகப் போய்வரும் வணிகருக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. அந்தக் கணக்குகள் தீர்ப்புக்குத் தேவைப்பட்டவை என்று சொல்ல முடியாது. ஆனாலும் வழக்கறிஞர்கள் அவற்றை எழுதிவைத்தார்கள். ஒரு வணிகரை அடையாளம் காட்டுவது அவருடைய பேரேடு என்ற எண்ணம் 1892க்கு முன்பே வழக்கறிஞரிடம் வேர்விட்டிருந்தது.

அடுத்த ஆண்டே காங்கிரஸ் அந்த எண்ணத்தைச் சட்டமாக்கித் திருப்பியடித்தது. 1884ஆம் ஆண்டுத் திருத்தம் யார் வணிகர் ஆகமாட்டார் என்று மட்டுமே சொல்லியிருந்தது: தெருவில் கூவி விற்பவர், தலைச்சுமை வியாபாரி, மீன் பிடித்து உலர்த்திப் பதப்படுத்துபவர். 1893 நவம்பர் 3ஆம் நாள் சட்டம் வணிகரை வரையறுத்தது. நிலையான இடத்தில் சரக்கு வாங்கி விற்க வேண்டும். வணிகம் அவர் பெயரில் நடக்க வேண்டும். வணிகத்துக்குத் தேவையானது தவிர வேறு உடலுழைப்பில் ஈடுபடக் கூடாது. திரும்பி வரும்போது, புறப்படுவதற்கு முன் ஓராண்டாவது அப்படி வாழ்ந்ததை நம்பகமான, சீனரல்லாத இரு சாட்சிகளைக் கொண்டு நிறுவ வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையே இக்கட்டுரையின் மையம். ஒரு மனிதரின் ஓராண்டு வாழ்வை அவருடைய சொந்த மக்கள் சொன்னால் செல்லாது என்று ஒரு நாடு எழுதிவைத்தது. இந்த இழிவை வெறும் நடைமுறை விவரமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அதன் விளைவு தெளிவானது. கடைக்கு வாடகைக்கு இடம் தந்தவரோ, சரக்கு தருபவரோ, சுங்கத் தரகரோ, யாரேனும் இரு வெள்ளையரின் வாக்குமூலம் பயணத்துக்கு முன்பே வணிகர் கையில் இருந்தாக வேண்டும். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத் துறைமுகத்தில் நிற்கும்போது சாட்சி தேடுவது பெரும் ஆபத்து. ஆகவே வழக்கறிஞரின் வேலை துறைமுகத்திலிருந்து கடைக்கு இடம்பெயர்ந்தது என்கிறேன்.

‘அவர் பெயரில்’ என்ற நிபந்தனையும் இதே திசையில் தள்ளியது. சீன நிறுவனங்கள் மங்கலப் பெயர்களைத் தாங்கியவை. பங்குதாரரின் பெயர் பலகையில் இருக்காது. எழுத்துக்கு எழுத்து பொருள் கொண்டால் பெரும்பாலோர் வணிகரே அல்லர். 1894இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் லீ கான் வழக்கில் இதைத் தளர்த்தியது. நிறுவனப் பெயரில் இல்லாவிட்டாலும், பங்கு உண்மையானதாக இருந்து கூட்டு ஒப்பந்தத்தில் அவர் பெயர் தோன்றினால் போதும். இந்த வெற்றிக்கும் விலை இருந்தது. கூட்டு ஒப்பந்தம் இப்போது குடிவரவு ஆவணமாகிவிட்டது. சான் புரூனோ ஆவணக் காப்பகத்தில் உள்ள சீனக் கூட்டு நிறுவனக் கோப்புகளின் வரிசை 1894இல் தொடங்குவது தற்செயலாக இருக்க முடியாது. யார் நேரடிப் பங்காளி, யார் பணம் மட்டும் போட்டவர், யாருக்கு எவ்வளவு முதல் என்று அவை பட்டியலிடுகின்றன.

என் வாதத்துக்கு எதிராக லெம் மூன் சிங் வழக்கைக் காட்டலாம். மருந்துக் கடைப் பங்காளியான இவர் ஊருக்குப் போயிருந்தபோது, 1894 ஆகஸ்ட் 18ஆம் நாள் சட்டம் வந்து அதிகாரியின் மறுப்பை இறுதியாக்கிவிட்டது. மேல்முறையீடு கருவூலச் செயலரிடம் மட்டுமே. சீனரல்லாத இரு சாட்சிகள் இருப்பதாக மனுவிலேயே சொல்லியும், 1895 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவரைக் கைவிட்டது. கோப்பு பயனற்றுப்போனதாகத் தோன்றலாம். நான் மாறாகவே படிக்கிறேன். நீதிமன்றம் விலகியபின் வணிகருக்கு மிஞ்சியது கோப்பு ஒன்றுதான். பின்னாளில் உறுதிப்பட்ட விதிகளின்படி விசாரணை அறைக்குள் வழக்கறிஞருக்கு இடமில்லை. மறுப்புக்குப் பிறகு பதிவேட்டைப் படித்து வாஷிங்டனுக்கு மேல்முறையீடு எழுதுவதே அவரால் ஆனது. பதிவேட்டின் எடை எவ்வளவு என்பதைக் குடியுரிமை கோரிய குவாக் ஜான் ஃபட்டின் வழக்கு 1920இல் காட்டியது. வெள்ளையர் மூவர் அவரை அடையாளம் கண்டதை அதிகாரி பதிவில் எழுதாமல் விட்டதே அவருடைய வெற்றிக்குக் காரணமாயிற்று.

திருப்புமுனையை ஒரு நாளில் குறிக்க நான் விரும்பவில்லை. 1893 நவம்பரையும் சொல்லலாம், 1895 மே மாதத்தையும் சொல்லலாம்; இடைப்பட்ட பதினெட்டு மாதங்களில் சட்டமும் தீர்ப்பும் கடை வழக்கமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போயின. என் வாசிப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. 1900இல் திருமதி கியூ லிம் வழக்கில், வணிகரின் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் சான்றிதழின்றி வரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்டவர்; அரசு அவரை வெளியேற்றத் தொடுத்த வழக்கு அது. வாசலில் நின்றவருக்கு மூடப்பட்ட நீதிமன்றம் உள்ளே வந்தவருக்குத் திறந்தே இருந்தது. அங்கும் மனைவியின் உரிமை கணவர் வணிகர் என்ற தகுதியையே சார்ந்திருந்தது.