எட்டும் விலையில் ஒரு துறைமுக வீடு

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருவழியில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே கனகம்மாசத்திரம் என்றோர் ஊர் உண்டு. அதுவே என் ஊர். வழிநடப்பவர் தங்கிச் செல்லும் சத்திரம் என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் அது. 1960-ஆம் ஆண்டில் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ள பத்திரங்களுள் மூத்தது தெலுங்கில் எழுதப்பெற்றது. இளையது தமிழில் எழுதப்பெற்றது. எழுத்து மாறிற்று, எல்லை மாறிற்று, வீடு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு வீட்டின் கதையை அறிய வேண்டுமாயின் அதன் சுவரை மட்டும் பார்த்தால் போதாது, அந்த ஊரை ஆண்டவர்களின் கதையையும் பார்க்க வேண்டும் என்பதை நான் கற்றது அந்தப் பெட்டியிலிருந்துதான்.

கடலைக் காணாத இவ்வூரில் பிறந்த நான், ஒரு சிறு துறைமுக நகரத்தின் வரலாற்றை ஆராயப் புகுந்ததற்குக் காரணம் என் தங்கை. மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றவள் அவள். அத்தனை ஆண்டும் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தவள். தரங்கம்பாடியில், கோட்டைக்கு அண்மையில், நகரத்தின் நடுத்தெரு ஒன்றில் பழைய வீடொன்று விலைக்கு வந்திருப்பதாக எனக்கு எழுதினாள். "அண்ணா, எங்கள் கைக்கு எட்டும் விலையாகத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் ஏன் எட்டுகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்பது அவள் கடிதம். நெடுஞ்சாலையோரத்தில் எங்கள் ஊரில் ஒரு வெற்று மனைக்குக் கேட்கும் தொகையைவிட, அங்கே முற்றமும் திண்ணையும் கூடிய வீட்டுக்குச் சொன்ன தொகை குறைவாக இருந்தது. நகரத்தின் நடுவில் உள்ள வீடு மலிவாகக் கிடைப்பானேன்? இந்தக் கேள்விக்கு விடை வரலாற்றில்தான் இருக்கிறது.

தரங்கம்பாடி அலைகள் பாடும் ஊர் என்பர். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டு இதனைச் சடங்கன்பாடி என்று வழங்குகிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் இன்றும் கரையில் இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 1620-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டிலிருந்து வந்த ஓவே யெட்டே என்னும் கப்பல் தலைவர், தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு இங்கே டான்சுபோர்க்குக் கோட்டையை எழுப்பினார். ஊர் நாயக்கருடையது, டேனியர் ஆண்டுதோறும் இறை செலுத்தி அதில் இருந்தனர். வாடகைக்கு இருந்தவர் என்றே அவர்களைக் கூறலாம்! வாடகை வீட்டில் முப்பது ஆண்டு கழித்த என் தங்கைக்கு இச்செய்தியைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள்.

மதிலுக்குள் தெருக்கள் நேர்கோடாக வகுக்கப்பெற்றன. அரசன் தெரு என்றும் அரசி தெரு என்றும் பெயரிட்டனர். 1701-இல் சீயோன் தேவாலயம் எழுந்தது. 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கினார். சில ஆண்டுகளில் தமிழ் அச்சுக்கூடம் இயங்கலாயிற்று. 1777-இல் கும்பினியின் கையிலிருந்து ஊர் டேனிய அரசரின் நேர் ஆட்சிக்கு வந்தது. ஐரோப்பிய வல்லரசுகள் தம்முள் போரிட்ட காலங்களில், நடுநிலை நாட்டின் கொடி பறந்த இத்துறையில் வாணிகம் செழித்தது. பெருந்தூண்கள் தாங்கும் மாளிகைகள் எழுந்தது அக்காலத்தில்தான். 1792-இல் அமைந்த நகரவாயில் இன்றும் வருவோரை வரவேற்கிறது.

இவ்வாறு எழுந்த நகரத்தின் நடுப்பகுதி யாருக்காகக் கட்டப்பெற்றது என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். மீனவர் கடலை நம்பிக் கரையோரக் குப்பங்களில் வாழ்ந்தனர். உழவர் நிலத்தை நம்பி மதிலுக்கு வெளியே வாழ்ந்தனர். நடுத்தெருக்களோ ஆளுநரையும் அலுவலரையும் வணிகரையும் நம்பி நின்றன. கப்பல் வரும்வரை அவற்றுக்கு மதிப்பு. அது நின்றால், கடலும் வயலும் முன்போலவே இருக்க, நடுத்தெருதான் முதலில் வெறிச்சோடும்.

அப்படித்தான் நேர்ந்தது. 1808-இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி, 1815 வரை வைத்திருந்தனர். திரும்பக் கிடைத்தபோது பழைய வாணிகம் திரும்பவில்லை. 1845-இல் டென்மார்க்கு அரசு தரங்கம்பாடியையும், வங்கத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினியிடம் விற்றுவிட்டது. கோட்டை, தெரு, மாளிகை எல்லாம் அடங்கிய ஊரே ஒரு கிரயப் பொருளாயிற்று! அதன்பின் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடம் இங்கே பதினைந்து ஆண்டுகள் இருந்தது. பிறகு அதுவும் தஞ்சாவூருக்குப் போயிற்று. 1861-இல் இருப்புப்பாதை நாகப்பட்டினத்தைத் தஞ்சாவூரோடு இணைத்தது. சரக்கு புகைவண்டியைத் தேடிச் சென்றது. வணிகர் சரக்கைத் தேடிச் சென்றனர். 1926-இல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கிளைப்பாதை வந்தது. 1986-இல் அதையும் மூடிவிட்டனர்.

எங்கள் மாவட்டத்துப் பழவேற்காட்டிற்கு நேர்ந்ததும் இதுவே. 1613-இல் அங்கே கெல்திரியாக் கோட்டையை அமைத்த ஒல்லாந்தர், 1690-இல் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். ஒரு நகரத்தின் தாழ்வு மற்றொரு நகரத்தின் உயர்வாயிற்று. இத்தாலி நாட்டில், சிசிலித் தீவின் சம்புகா என்னும் ஊரில், 2019-இல் பாழடைந்த வீடுகளை ஏலத்தில் ஒரு யூரோ முதல் விலைக்கு விடுத்தார்கள். வாங்குவோர் மூன்று ஆண்டுக்குள் வீட்டைச் செப்பனிட வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே மலிவு விலை என்பது முழு விலை அன்று. மிச்சத்தை வாங்குபவன் உழைப்பாகவும் பொறுமையாகவும் செலுத்த வேண்டும்.

இந்தச் செய்திகளை மனத்திற் கொண்டு தங்கையோடு அந்த வீட்டைப் பார்க்கச் சென்றேன். தெருத் திண்ணையில் இரண்டு மரத்தூண்கள் நின்றன. உள்ளே முற்றத்தில் வானம் தெரிந்தது. தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கிய பழைய தளம். ஆனால் யாரோ ஒருவர் அண்மையில் சுவரின் கீழ்ப்பாதிக்குச் சிமெண்டு பூசியிருந்தார். பூச்சு உப்பி, தட்டினால் வெறுமையாக ஒலித்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. சிமெண்டு அதன் மூச்சை அடைத்துவிடும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். அதனை முழுதும் பெயர்த்துச் சுண்ணாம்பு பூச வேண்டும் என்று கொத்தனார் கூறினார்.

அடுத்துக் கடலைப் பற்றி எண்ணினோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. உயிரும் உடைமையும் அழிந்தன. வாங்குபவர் இதை மறந்துவிடலாகாது. 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவந்தது. பின்னர் 2011-இலும் 2019-இலும் புதிய அறிவிப்புகள் வந்தன. பழைய வீட்டைப் பழுதுபார்ப்பது வேறு, இடித்து மாடி எழுப்புவது வேறு என்பதை முன்னரே தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது பத்திரம். விற்க வந்தவர் காட்டிய ஆவணத்தில் அவருடைய பாட்டனார் பெயரே இருந்தது. பாட்டனாருக்கு ஐந்து பிள்ளைகள். அவர்களின் மக்கள் பல ஊர்களிலும், ஒருவர் கடல் கடந்தும் இருந்தனர். நடுவிலிருந்த தரகர், "முன்பணம் கொடுத்துவிடுங்கள், கையெழுத்துத் தானே வந்து சேரும்" என்று அவசரப்படுத்தினார். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய முப்பதாண்டுச் சேமிப்பு முழுவதும் அந்த முன்பணத்தில் தொடங்கி அந்த வீட்டில் முடிய இருந்தது. நான் மறுத்துவிட்டேன். துறைமுக நகரத்தில் வீடு மலிவதற்கு இதுவும் ஒரு காரணம்: கப்பலோடு மக்களும் போய்விட்டார்கள், உரிமை மட்டும் பல கூறாகி ஊரிலேயே கிடக்கிறது. வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் வாரிசுகள் அனைவரின் ஒப்பமும் சேர்ந்தாலன்றி அந்த விலை விலையாகாது.

அன்று மாலை தட்டார் தெருவில் நடந்தோம். பேரலைக்குப் பிறகு, இந்தியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளையின் முயற்சியால் அங்கே பழைய தமிழ் வீடுகள் பல மரபு முறையிலேயே செப்பனிடப்பெற்றன. 1784 முதல் டேனிய ஆளுநர் உறைவிடமாயிருந்த மாளிகையும் டென்மார்க்குத் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு புத்துயிர் பெற்றது. ஆனால் என் நெஞ்சைத் தொட்டவை வேறு சில வீடுகள். எந்த நிறுவனத்தின் துணையுமின்றி, குடியிருப்பவர் ஆண்டுதோறும் வெள்ளையடித்து, மழைக்குமுன் ஓடு மாற்றிக் காத்த வீடுகள் அவை. பூட்டிக் கிடந்தவை சரிந்திருந்தன, விளக்கேற்றியவை நின்றன.

ஒன்பது மாதம் காத்திருந்தோம். கடல் கடந்திருந்த பேரனின் அதிகாரப் பத்திரம் கடைசியில் வந்து சேர்ந்தது. வாரிசுகள் எல்லோரும் ஒப்பமிட்ட பிறகே கிரயம் பதிவாயிற்று. விலையைக் கொடுத்ததுபோக மீந்த தொகையைத் தங்கை சுண்ணாம்புக்கும் தேக்குக்கும் ஒதுக்கினாள். அது விலையில் ஏறக்குறையப் பாதி. முன்னறையும் முற்றமும் முதலில், மற்றவை அடுத்த ஆண்டில் என்று வரிசை வகுத்தாள்.

பதிவான பத்திரத்தின் படி ஒன்றை எனக்கும் அனுப்பியிருந்தாள். சத்திரத்து ஊரில், தெலுங்குப் பத்திரமும் தமிழ்ப் பத்திரமும் கிடக்கும் அதே பெட்டியில் அதனையும் வைத்தேன். நாயக்கரும் டேனியரும் ஆங்கிலேயரும் வந்து தங்கிச் சென்ற ஊரில், இப்போது ஒரு தமிழாசிரியை மாலைதோறும் திண்ணையில் விளக்கேற்றுகிறாள். ஒரு துறைமுகத்தின் நடுத்தெரு மீண்டும் உயிர்பெறுவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் இத்தகைய ஒருவர் வேண்டும்.