மலையைக் கண்ட கண்களும் மனிதரைக் காணும் கண்களும்



நம்முடைய சேலம், நாமக்கல் சமவெளியில் எத்திசையில் திரும்பினாலும் ஒரு மலை கண்ணில் படும். சேர்வராயன் மலை, கஞ்சமலை, சங்ககிரி, கொல்லிமலை, நாமக்கல் நகரின் நடுவே நிற்கும் பாறை ஆகியவற்றை நாள்தோறும் காண்பதாலேயே அவற்றை நாம் நின்று பார்ப்பதில்லை. பழைய சேலம் மாவட்டத்தின் மலைகளைப் பார்த்து வரைவதற்காகக் கடல் கடந்து வந்த இருவரின் வரலாற்றை இவ்வாரம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

தாமஸ் டேனியல் 1749-ல் இங்கிலாந்தில் ஒரு சத்திரக்காரரின் மகனாகப் பிறந்தார். இளமையில் கோச்சு வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலைக் கற்றார். தந்தையை இழந்த தம் சகோதரரின் மகன் வில்லியமைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, 1785-ல் கப்பலேறினார். சீன தேசத்தின் வழியாக இருவரும் 1786-ல் கல்கத்தா வந்து சேர்ந்தனர். வட இந்தியாவில் நெடும்பயணம் முடித்தபின், தாங்கள் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியங்களை 1791-ல் குலுக்கல் சீட்டு மூலம் விற்று, அப்பணத்தைக் கொண்டு தென்னாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமானார்கள். 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டார்கள்.

வெட்டவெளியில் அமர்ந்து வரைவது அக்காலத்தில் எளிதன்று. எண்ணெய் வண்ணத்தை அடைத்துவைக்கும் உலோகக் குழாய் 1841-ல்தான் காப்புரிமை பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே தாமஸ் இறந்துபோனார். அவர் காலத்தில் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். மெதுவாக உலரும் எண்ணெய்ச் சாயத்தில் வழிப்புழுதி எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வழியில் பெரும்பாலும் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்துகொண்டு, அவற்றை வைத்துப் பிற்பாடு எண்ணெய் வண்ணத்தில் பெரிய ஓவியங்களைத் தீட்டினார்கள். எதிரிலுள்ள காட்சியைக் கண்ணாடி வில்லையின் வழியே தாளின்மேல் விழச்செய்யும் ஒரு பெட்டியும் அவர்களுக்குத் துணைசெய்தது.

அவர்கள் வந்த காலத்தைக் கவனியுங்கள். 1790-ல் தொடங்கிய மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. 1791 ஜூலையில் ராயக்கோட்டையைக் கம்பெனிப் படை பிடித்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாரமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு மாறின. அவ்வாண்டே நிர்வாகப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் வயல்களை அளந்து தீர்வை குறிக்கத் தொடங்கினர்.

ஒரே நிலத்தை மூன்று கண்கள் பார்த்தன. படைவீரனின் கண் அதைக் கோட்டையாகக் கண்டது. அதிகாரியின் கண் வருவாயாகக் கண்டது. ஓவியனின் கண் அழகாகக் கண்டது. ராயக்கோட்டை, வீரபத்திரதுர்கம், ஜெகதேவி ஆகிய மலைக்கோட்டைகள் டேனியல்களின் 'ஓரியண்டல் சீனரி' என்னும் தொகுதிகளில் இடம்பெற்றன. 1795 முதல் 1808 வரை 144 படங்களாக அவை லண்டனில் வெளிவந்தன. 1965-ல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை பாரமகால் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தே இருந்தது. ஆகவே நம் முன்னோர் வாழ்ந்த மலையடிவாரத்தை இங்கிலாந்து மக்கள் அப்படங்களில்தான் கண்டார்கள்.

மூன்று கண்களில் ஓவியனின் கண்ணே மென்மையானது. ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. அந்நாளைய இயற்கைக்காட்சி ஓவிய மரபில், மலை எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காகவே அடிவாரத்தில் சிறுசிறு மனிதர்களை வரைவார்கள். ஒரு மரம் செய்யும் வேலையையே அம்மனிதனும் அப்படத்தில் செய்கிறான். அவன் யார், போரில் எதை இழந்தான், அவ்வாண்டு அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதைப் படம் சொல்வதில்லை.

பிரியமானவர்களே, மாற்கு சுவிசேஷம் 8-ம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடனை நினைவுகூருங்கள். ஆண்டவர் அவனை முதல்முறை தொட்டபோது அவனுக்குப் பார்வை வந்தது. ஆனால் நடமாடும் மனிதர் அவனுக்கு மரங்களைப் போலவே தோன்றினர். அவர் அப்படியே அவனை அனுப்பிவிடவில்லை. மறுபடியும் அவன் கண்களின்மேல் கைகளை வைத்தார். அதன் பிறகே அவன் யாவரையும் தெளிவாகக் கண்டான்.

நம்மில் பலர் முதல் தொடுதலோடு நின்றுவிட்டோமோ என்று நான் அஞ்சுகிறேன். சங்கீதக்காரனைப் போல மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுக்கிறோம். சிருஷ்டிப்பின் அழகுக்காக ஸ்தோத்திரமும் செலுத்துகிறோம். ஆனால் நாமக்கல்லில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறவர், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற சகோதரி, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தறிப்பட்டறையில் இரவெல்லாம் கண்விழிக்கிற இளைஞன் ஆகியோர் நம் பார்வையில் யார்? நம் வாழ்க்கைப் படத்தின் ஓரத்தில் வரைந்த சிறு உருவங்கள்தானா? அவர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து, ஆராதனை முடியுமுன்னே எழுந்து போகிறவரின் பெயர்?

டேனியல்களை நியாயந்தீர்க்க இதைச் சொல்லவில்லை. தகப்பனற்ற ஒரு சிறுவனைத் தன் வீட்டில் கண்டு, அவனுக்குத் தன் கைத்தொழிலைக் கொடுத்து, உலகின் மறுகோடி வரை உடன் அழைத்துச் சென்றவர் தாமஸ். வில்லியமும் தேர்ந்த ஓவியராகி, 1822-ல் ராயல் அகாதெமியின் உறுப்பினரானார். தாமஸ் தீட்டிய மலைகளைவிட, அவர் அந்தப் பிள்ளையைக் கண்ட விதமே என் மனதில் நிற்கிறது.

இவ்வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். நாள்தோறும் நீங்கள் கடந்துபோகும் ஒருவரிடம் நின்று, அவர் பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். ஆண்டவர் தமது கரத்தை நம் கண்களின்மேல் மறுபடியும் வைப்பாராக. ஆமென்.