‘கூலி’ என்னும் சொல்லும் மலையகத் தோட்டங்களும்

ஒரு மொழியில் மதிப்புடன் வழங்கிய சொல் பிறமொழியிற் புகுந்து, இழிசொல்லாகித் தன் பிறந்தகத்துக்கே திரும்புதலும் உண்டு. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கூலி’ என்னும் சொல் அத்தகையது. தமிழிற் கூலி என்பது உழைப்பின் ஊதியம். ஒருபோதும் உழைப்பவனின் பெயரன்று. வள்ளுவரும் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உழைப்பின் பயனைக் குறிக்கவே இச்சொல்லை ஆண்டார்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் யூலும் பர்னெலும் குஜராத்தின் கோலி இனத்தாரின் பெயரையும் தமிழ்க் கூலியையும் எடுத்துக்காட்டுகின்றனர். இரண்டும் கலந்திருத்தல் கூடும். சீனர் இதனைத் தம் எழுத்தில் ‘கசப்பான வலிமை’ எனப் பொருள்படுமாறு எழுதிக்கொண்டனர்; சொல்லாராய்ச்சியிற் பிழையெனினும் வாழ்க்கையிற் பிழையன்று. தமிழர் கூலியாள் என்றனர். ஆங்கிலச் சொல்லில் ‘ஆள்’ இல்லை. கூலி மட்டுமே உண்டு.

ஆள் உதிர்ந்த அச்சொல்லின் பொருளை முழுமையாகக் கண்ட இடம் இலங்கையின் மலையகம். கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைக் காலத்திலும் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் யாவரும், ஊரும் பெயரும் வேறாயினும், துரைமாரின் ஏடுகளிற் கூலிகளாயினர். அவர்களுடன் பேசுதற்குத் துரைமார் கற்ற மொழிக்கும் ‘கூலித் தமிழ்’ என்றே பெயரிட்டு நூல் வெளியிட்டனர். தமிழுக்கு இப்படியும் ஓர் அடைமொழி வாய்த்தது!

கூலி என்று அழைக்கப்பட்டவனுக்குக் கூலி கைக்கு எட்டியதோ எனின், அதுவும் அரிது. வழிச்செலவு முதலாகக் கங்காணியிடம் பெற்ற முன்பணம் கடனாக வளர்ந்தது. தொழிலாளி தோட்டம் மாற வேண்டின் அக்கடனைக் குறித்த ‘துண்டு’ எனும் சீட்டு வேண்டும். அவனை ஏற்கும் தோட்டம் கடனைத் தீர்க்க வேண்டும். அதாவது, ஆளுக்கு விலை இருந்தது. அவ்விலையைப் பெற்றவன் அவனல்லன். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறைத்தண்டனையும் உண்டு. வேலை ஒப்பந்தத்தை மீறுதல் குற்றச்செயலாகக் கருதப்பட்டதைக் காண்க.

1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் ‘இந்தியக் கூலிகள்’ என்று தன் தலைப்பிலேயே கூறியது. பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் எழுப்பிய குரலை அடுத்து 1921இல் துண்டு முறை ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறந்தது. 1931இல் கோ. நடேசையர் அட்டனில் அமைத்த சம்மேளனத்தின் பெயரில் ‘தொழிலாளர்’ என்னும் சொல் நின்றது. ஊதியத்தின் பெயரை விட்டுத் தொழிலைச் செய்பவனின் பெயரால் மக்கள் தம்மை அழைத்துக்கொண்டமை, சங்கங்கள் பெற்றுத்தந்த சம்பள உயர்வுகளினும் சிறியதென்று கொள்ளுதற்கில்லை. 1889ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னாளிற் ‘தோட்டத் தொழிலாளர் (இந்தியர்)’ என்னும் பெயராலேயே வழங்கலாயிற்று.

ஆயினும் பெயர் மாறிய வேகத்தில் நிலை மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தில் ‘கூலி’ எனும் சொல் தேவைப்படவில்லை. அதன் பயனாகப் பெரும்பாலான மலையகத் தமிழர் நாடற்றோராயினர். துரைமார் ‘கூலி லைன்’ என்றழைத்த வரிசைக் குடியிருப்புகளின் பெயரில் முற்பாதி உதிர்ந்து ‘லயன்’ மட்டும் எஞ்சியுள்ளது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான அவ்வறைகளிற் பல குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.