பெயரும் பந்தியும்

கீரிமலை என்றதும் நகுலேஸ்வரமும், ஆடி அமாவாசையன்று முன்னோர்க்குக் கடன் செலுத்தக் கேணியில் இறங்கும் மக்கள் வெள்ளமுமே நம் நினைவுக்கு வரும். இந்தச் சைவப் புனிதத் தலத்திற்குச் சில மைல் தொலைவிலுள்ள தெல்லிப்பழையில்தான் 1816இல் அமெரிக்க மிஷனரிமார் பணியைத் தொடங்கினர். பள்ளியும் அச்சுக்கூடமும் வந்தன. அவற்றோடு ஆசிரியனாகவும் உபதேசியாகவும் புதிய மனிதன் ஒருவன் தோன்றினான். தமிழ்க் கிறிஸ்தவனாகிய அவன் தன்னை யாரென்று கண்டான்?

முதலில் அவனுக்குக் கிடைத்தது ஒரு பெயர். மாணவரின் கல்விச் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயர்களே பலருக்கும் சூட்டப்பட்டன. 1841இல் வெளிவந்த ‘உதயதாரகை’யின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் யாழ்ப்பாணத் தமிழரே. உள்ளே தமிழனாகவும் வெளியே அன்னியனாகவும் அழைக்கப்படுவது எத்தகைய அனுபவம்!

ஆயின் பெயர் மனிதனை முடிவு செய்துவிடவில்லை. கிங்ஸ்பெரி என்ற பெயர் தாங்கிய குடும்பத்தில் வளர்ந்து, வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சைவத்திற்கு மீண்டார். கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார். அவருடைய மைந்தர் அழகசுந்தரமோ கிறிஸ்தவராகி பிரான்சிஸ் கிங்ஸ்பெரி ஆனார். அந்தப் பாதிரியாரே 1921இல் சைவ அடியார்களின் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தவர்களுள் ஒருவர். தந்தையும் மகனும் எதிரெதிர்த் திசையில் நடந்தனர். இருவர்க்கும் தமிழே பொதுப் பாதையாயிற்று.

மொழியில் கண்ட இந்த ஒற்றுமையை உணவுப் பந்தியில் காண முடிந்ததா? இங்கேதான் சோதனை எழுந்தது. மிஷன் விடுதிகளின் தொடக்க நாட்களில், சாதி ஆசாரம் கெடும் என்று அங்குச் சமைத்த சோற்றை உண்ண மறுத்த மாணவர் இருந்தனர். ஞானஸ்நானம் பெற்ற பின்னரும் கலியாணப் பேச்சு வந்ததும் சாதியை விசாரித்த கிறிஸ்தவர் எத்தனையோ பேர். “எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள்” என்பது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஒலித்தது. திங்கட்கிழமை வாழ்வு பழைய வழியிலேயே சென்றது.

இந்த முரண்பாட்டை நேரே எதிர்த்தவர் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் இளைஞர். 1924இல் உருவாகி, பின்னர் வாலிபர் காங்கிரசாக மலர்ந்த அவ்வியக்கத்தின் முன்னோடி ஹன்டி பேரின்பநாயகம், யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சுயராச்சியம், தாய்மொழி, தேசிய உடை, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை அவர்களுடைய கொள்கைகள். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு அழைத்து வந்தவர்களும் அவர்களே. 1930ஐ ஒட்டி, உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற கோரிக்கை எழுந்தபோது சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு வாங்கில் ஒன்றாக அமர்வது அவ்வளவு பெரிய புரட்சியாக இருந்தது! அந்த நாட்களில் சமத்துவத்தின் பக்கம் நின்ற கிறிஸ்தவ ஆசிரியனின் சாட்சியம், அவன் படித்த ஜெபத்தைவிடப் பெரிதன்றோ? பேரின்பநாயகம் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியதையும் நாம் மறத்தலாகாது.

வாங்கில் எழுந்த கேள்வி பிறகு கோயில் வாசலுக்குச் சென்றது. 1968இல் கீரிமலையை அடுத்த மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைவுரிமை கேட்டுப் போராடினர். அக்காலத் தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் எழுத்தாளர் கே. டானியல். 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவாவோ, முடிதிருத்தும் நிலையத்தையே இலக்கியக் களமாக்கியவர். இருவரும் மார்க்சியர், தேவாலயத்தின் பேரால் பேசியவர் அல்லர். ஆயினும் கிறிஸ்தவப் பெயர் தாங்கிய இம்மனிதர், தேவாலயம் சொல்லியும் செய்யாமல் விட்டதைத் தெருவில் நின்று செய்தனர். இது கிறிஸ்தவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியன்றோ?

1990இல் போர் வலிகாமம் வடக்கின் மக்களை ஊரைவிட்டுத் துரத்தியது. கீரிமலைச் சைவனும் கரையோரக் கத்தோலிக்க மீனவனும் ஒருங்கே அகதிகளாயினர். ஊர் திரும்புவதற்குப் பலர் பல்லாண்டுகள் காத்திருந்தனர். துன்பம் அவர்களைச் சமமாக்கிற்று. அந்தச் சமத்துவத்தை ஊர் திரும்பிய பிறகும் காப்பதற்குத் துன்பம் போதாது. மனிதனின் துணிவு வேண்டும்.

விசுவாசம் என்பது பெயரேட்டில் எழுதும் சொல்லன்று. வாங்கில் யாருக்கு இடம் விடுகிறோம், பந்தியில் யாரருகே அமர்கிறோம், மகளின் கலியாணத்திற்கு எதை விசாரிக்கிறோம் என்பதிலேயே அது உயிர் பெறுகிறது. கிறிஸ்தவனுக்கு மட்டுமா? சமத்துவம் பேசும் நம் அனைவர்க்கும் அளவுகோல் இதுவே.