1962 சதியும் இலங்கை இராணுவத்தின் உருமாற்றமும்

சுதந்திர இலங்கையின் இராணுவம் 1949 ஒக்டோபர் 10 அன்று அமைக்கப்பட்டபோது அதற்கு எதிரி என்று சொல்லத்தக்க நாடு எதுவும் இருக்கவில்லை. பிரித்தானியாவுடன் 1947இல் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கை வெளி அபாயங்களைப் பார்த்துக்கொள்ளும் என்று ஆட்சியாளர்கள் நம்பியிருந்தனர். திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் 1957 வரை பிரித்தானியர் வசமே இருந்தன. ஆகவே புதிய படைக்கு வாய்த்த வேலைகள், அணிவகுப்பும் பயிற்சியும் போக, வேலைநிறுத்தக் காலங்களில் அரச சேவைகளை நடத்திக்கொடுப்பதும், தென்னிந்தியாவிலிருந்து படகேறி வருவோரைக் கரையில் தடுப்பதும், கலவரங்களை அடக்குவதுமாகவே இருந்தன. தேசப் பாதுகாப்பு என்னும் சொல் தொடக்கம் முதலே உள்நாட்டு ஒழுங்கைக் குறிப்பதாக அமைந்துவிட்ட ஒரு நாட்டில், இராணுவம் அரசியலுக்கு வெளியே நிற்பது எளிதன்று.

எனினும் முதற் பத்தாண்டில் அது வெளியேதான் நின்றது. படையின் அதிகாரிகள் பெரும்பாலும் கொழும்பின் ஆங்கிலவழிக் கல்லூரிகளில் பயின்று, பிரித்தானியாவின் இராணுவக் கல்லூரிகளில் பயிற்சி பெற்று, ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். சிங்களவரும் தமிழரும், ஐரோப்பிய வழித்தோன்றல்களான பறங்கியரும் அவர்களுள் அடங்குவர். நாட்டின் மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் சிறு பகுதியினரே ஆயினும் அதிகாரிகளிடையே அவர்களே மிகுந்திருந்தனர். இலங்கையரான முதல் இராணுவத் தளபதி அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். 1955 முதல் 1959 வரை அவர் அப்பதவியை வகித்தது அக்காலத்தில் வியப்புக்குரியதாகக் கருதப்படவில்லை.

1956இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சிங்கள-பௌத்த எழுச்சியின் அலையில் ஆட்சிக்கு வந்து, சிங்களத்தை மட்டுமே அரச கரும மொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியதோடு அந்தச் சமநிலை குலையத் தொடங்கியது. 1959இல் அவர் ஒரு பிக்குவால் சுட்டுக் கொல்லப்பட்டதன் பின்னர் 1960இல் பிரதமரான அவர் மனைவி சிறிமாவோ, அரச உதவி பெற்ற சமயப் பாடசாலைகளை அரசுடைமையாக்கியபோது கத்தோலிக்கர் கொதித்தனர். 1961 பெப்ரவரியில் தமிழரசுக் கட்சி அந்த மொழிச் சட்டத்தை எதிர்த்து வட, கிழக்கு மாகாணங்களில் கச்சேரிகளின் முன், அதாவது மாவட்ட அரச அலுவலகங்களின் முன், சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரலில் அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, படையினரை அனுப்பி அதை முறியடித்தது. ஆயுதமற்ற மக்களை அகற்றுவதற்கு இராணுவம் ஏவப்பட்ட அந்த நிகழ்வு, வரலாற்று நூல்களில் பெறும் இடத்தைவிடப் பெரிய இடத்துக்கு உரியது.

1962 ஜனவரி 27 நள்ளிரவுக்குத் திட்டமிடப்பட்ட ஆட்சிக் கவிழ்ப்பு இப்பின்னணியில்தான் உருவாயிற்று. பீரங்கிப் படையில் புகழ்பெற்றவரும் இலங்கைக் கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவருமான கர்னல் எஃப். சி. டி சேரம், முன்னாள் கடற்படைத் தளபதி ரொய்ஸ் டி மெல், பிரதிப் பொலிஸ் மா அதிபர் சி. சி. திசாநாயக்க முதலியோர் அமைச்சர்களைக் கைதுசெய்து தலைநகரைக் கைப்பற்ற எண்ணியிருந்தனர். திட்டத்தை அறிந்த பொலிஸ் அதிகாரி ஸ்ரான்லி சேனாநாயக்க தம் மனைவியிடம் அதைச் சொல்ல, ஆளுங்கட்சியைச் சேர்ந்த மாமனார் வழியாகச் செய்தி அரசை எட்டியது. ஒரு குண்டும் வெடிக்காமல் சதி முடிந்தது. பிரித்தானிய முடியின் பிரதிநிதியாகிய மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்கவின் பெயரும் விசாரணையில் அடிபட்டதால் அவர் பதவியை விட்டு நீங்க நேர்ந்தது. மக்கள் வாக்களித்து அமைத்த அரசைத் துப்பாக்கியால் நீக்க முயன்றவர்களுக்கு, அவர்களுடைய மனக்குறை எத்துணை உண்மையானதாயினும், நியாயம் கற்பிக்க இயலாது.

ஆனால் அரசு அவர்களைத் தண்டிக்க மேற்கொண்ட வழியும் சட்டத்தின் ஆட்சியைச் சிதைத்தது. 1962ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் குற்றவியல் சட்டம் (விசேட ஏற்பாடுகள்) குற்றம் நிகழ்ந்த பின்னர் இயற்றப்பட்டு, அவ்வாண்டு ஜனவரி முதலாம் திகதியிலிருந்தே செல்லுபடியாகும் என விதித்தது. யூரிகள் இல்லாமல் விசாரிக்கவும், நீதிபதிகளை அமைச்சரே நியமிக்கவும், பொலிஸ் காவலில் பெற்ற வாக்குமூலங்களைச் சான்றாக ஏற்கவும், குறைந்தது பத்தாண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதிக்கவும் அது இடமளித்தது. அமைச்சர் நியமித்த முதல் நீதிமன்றம் தன் நியமனமே அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி விலகியது. இரண்டாம் நீதிமன்றமும், அதன் நீதிபதிகளுள் ஒருவர் சட்டமா அதிபர் பொறுப்பில் இருந்தபோது இதே விசாரணையோடு தொடர்புகொண்டிருந்ததால், கலைந்தது. மூன்றாம் நீதிமன்றம் 24 பேரை விசாரித்து 1965 ஏப்ரலில் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அன்று இலங்கையின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம், குறிப்பிட்ட சில மனிதர்களைத் தண்டிப்பதற்கென்றே நாடாளுமன்றம் செய்த சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிடுவதாகும் என்று தீர்ப்பளித்து, அவ்வாண்டு டிசம்பரில் அனைவரையும் விடுவித்தது. தங்களை விடுவித்த அந்த நீதித்துறைச் சுதந்திரம் தாங்கள் கவிழ்க்க எண்ணிய அரசியலமைப்பின் கொடை என்பதைச் சதிகாரர்கள் உணர்ந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

வழக்கு தோற்றது, அதைக் காட்டிலும் நீண்ட விளைவு படைக்குள் நிகழ்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குப் படை கட்டுப்பட்டிருத்தலைக் குடிசார் கட்டுப்பாடு என்பர். அதைச் சட்டம், தொழில்முறை ஒழுக்கம், நாடாளுமன்றக் கண்காணிப்பு ஆகியவற்றால் நிலைநாட்டலாம். படையை ஆள்வோரின் இனத்தாராலும் மதத்தாராலும் நிரப்பியும் பெறலாம். இலங்கை இரண்டாம் வழியைத் தேர்ந்தது. சதிகாரருள் சிங்களவர் பலர் இருந்தும், கிறிஸ்தவர், தமிழர், பறங்கியர் ஆகியோரின் விசுவாசமே ஐயத்துக்குரியதெனக் கொள்ளப்பட்டு, ஆட்சேர்ப்பும் பதவி உயர்வும் சிங்கள பௌத்தர் பக்கம் சாய்ந்தன. 1962 டிசம்பரில் அமைந்த புதிய காலாட்படைப் பிரிவுக்கு, தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் பெயரைத் தாங்கிய ‘கெமுனு’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. 1983இல் அமைந்த பிரிவு ‘கஜபா’ என்னும் சிங்கள மன்னனின் பெயரைப் பெற்றது. பெயர்களை வெறும் அலங்காரமென்று தள்ளிவிட முடியாது. அந்தச் சீருடையை அணிய எண்ணும் தமிழ் இளைஞனுக்கு அவை தெளிவான செய்தி.

இவ்வாறு திருத்தியமைக்கப்பட்ட படை அதன்பின் எந்த அரசையும் கவிழ்க்கவில்லை என்பது உண்மை; 1966இல் இராணுவத் தளபதி ரிச்சர்ட் உடுகம மீது சதிக் குற்றம் சாட்டப்பட்டாலும் அவர் விடுதலையானார். ஆனால் 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் துணையோடு யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது, அது அம்மக்கள் தம்முடையதென்று கருதக்கூடிய படையாக இருக்கவில்லை. தமிழ்ப் போராளிகளுக்கு எதிரான உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்த பின்னரும் வட மாகாணத்துக்கு ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவரே ஆளுநராக அமர்த்தப்பட்டார். போரை வென்ற தளபதி சரத் பொன்சேகா 2010இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்று, சில வாரங்களில் கைதானார். கஜபா பிரிவில் பணியாற்றியவரும் போர்க்காலப் பாதுகாப்புச் செயலாளருமான கோட்டாபய ராஜபக்ச 2019இல் தேசப் பாதுகாப்பையே முதன்மைப்படுத்தித் தேர்தலில் வென்றபோது, தெற்கு அவருக்குத் திரளாக வாக்களித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 80 சதவீதத்துக்கும் மேலான வாக்குகள் அவருடைய பிரதான எதிராளிக்கே சென்றன.