பர்மனா, தங்கராஜா?

வாழவந்தியில் கால்பந்துப் பேச்சு, யார் நன்றாக ஆடினார் என்று ஆரம்பித்து நான் கேட்டதே இல்லை. யாரைத் தூக்கணும் என்றுதான் ஆரம்பிக்கும். அம்மாவின் ஊர் என்பதால் வருஷத்தில் நாலைந்து தடவையாவது ஏற்காட்டுக்கு மேலேறிப் போகிறவன் நான். காப்பித் தோட்டத்து வேலை முடிந்து பையன்கள் டீக்கடைப் பக்கம் வந்து உட்கார்ந்தால், கையில் ஒரு போன் இருக்கும், அதில் ஏதோ ஒரு மேட்ச் ஓடும். பார்சிலோனா, செல்சி, சென்னையின் எஃப்.சி என்று ஆளுக்கு ஒரு கட்சி. இந்திய அணி ஆடும் நாட்களில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. அதாவது, எல்லோரும் சேர்ந்து திட்டுவார்கள்.

2025 ஜூன் 10 அப்படி ஒரு நாள். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஹாங்காங்கிடம் இந்தியா 0-1 என்று தோற்றது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கோல்கீப்பர் விஷால் கைத் முன்னேறி வந்து எதிரணி ஆள் மேல் மோதினார். பெனால்டி, கோல், கதை முடிந்தது. அந்த வாரம் நான் மலையில்தான் இருந்தேன்.

"குர்ப்ரீத்த உக்கார வெச்சாங்கள்ல, அதுக்குத்தாண்ணா இது" என்றான் ஒருவன்.

"குர்ப்ரீத் மட்டும் என்ன கிழிச்சான்? அவன் தப்பு பண்ணித்தானே இவன உள்ள வுட்டாங்க" என்றான் இன்னொருவன்.

அப்புறம் சுனில் சேத்ரி. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துடன் ஆடிவிட்டு ஓய்வு பெற்றவர், 2025 மார்ச்சில் நாற்பது வயதில் திரும்பி வந்திருந்தார். மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் ஒரு கோலும் போட்டார். இருந்தாலும், "அவரு வந்ததால ஒரு சின்னப் பையனோட இடம் போச்சே, அத யாரு கேக்கறது?" என்று ஒரு குரல் வந்தது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேட்டவன் ஏற்காட்டுப் பள்ளி ஒன்றின் அணியில் இடது விங் ஆடுகிறவன். அவன் இடமும் அந்த வருஷம் ஆட்டத்தில்தான் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பையன்களிடம் நான் சொன்ன கதை 1962இல் நடந்தது. கோல்கீப்பர் இடத்தைப் பற்றி இந்தியாவில் யார் சண்டை போட்டாலும் அதற்கு முன்னோடி அந்தக் கதைதான் என்பது என் எண்ணம். 2024இல் வந்த 'மைதான்' படத்தில் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். படத்தில் அஜய் தேவ்கன்தான் நிறைய இருக்கிறார். எனக்கு வேண்டியது கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்ற ஆளும், அன்று நிற்காமல் போன ஆளும்.

1962 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். கால்பந்தில் இந்தியா முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தது. அங்கே தெற்கு வியட்நாமை 3-2 என்று தாண்டியது. இறுதிப் போட்டியில் மறுபடி அதே தென் கொரியா. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், அந்த நேரத்தில் புற்றுநோயோடு இருந்தார்.

அரையிறுதியில் கோல் காத்தவர் வங்காளத்துப் பிரத்யுத் பர்மன். முதல் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்தார். இப்போது இறுதிப் போட்டிக்கு யார்? ஜெயித்த அணியைக் கலைக்காதே என்பது எந்த ரசிகனும் சொல்லக்கூடிய வழக்கு. பர்மன் ஆடிக்கொண்டிருக்கிறார், கை சூடாக இருக்கிறது, பந்தின் வேகம் பழகியிருக்கிறது. தங்கராஜ் காய்ச்சலிலிருந்து எழுந்தவர். காலில் தெம்பு இருக்குமா என்பதே சந்தேகம். வாழவந்தி பெஞ்சில் ஓட்டெடுப்பு வைத்தால் பர்மன் ஜெயித்துவிடுவார். வைத்தும் பார்த்தேன், ஜெயித்தார்.

ரஹீம் தங்கராஜைப் போட்டார். கொரியர்கள் பந்தை உயரத் தூக்கிப் போட்டுத் தலையால் ஆடுவதில் கெட்டிக்காரர்கள். முதல் ஆட்டத்தில் வாங்கிய அடி ரஹீமுக்கு மறக்கவில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்த தங்கராஜ் கையை உயர்த்தினால் அந்த உயரத்துக்குக் கொரியர்களின் தலை போகாது.

இன்றைக்கு இந்த முடிவின் கனம் நமக்குச் சரியாகப் புரியாது. இன்று ஒரு கீப்பர் தடுமாறினால் இடைவேளையில் மாற்றிவிடலாம். அன்று மாற்று ஆட்டக்காரர் என்ற வசதியே பெரிய போட்டிகளில் கிடையாது. உலகக் கோப்பையில்கூட 1970இல்தான் அது வந்தது. பதினோரு பேரை எழுதிக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். கால் உடைந்தாலும் அவர்தான், காய்ச்சல் திரும்பினாலும் அவர்தான். 1956இல் வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் மான்செஸ்டர் சிட்டியின் கீப்பர் பெர்ட் டிராட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலேயே கடைசிவரை நின்றார் என்பதை வீரக்கதையாகச் சொல்வார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பதிலாக உள்ளே அனுப்ப ஆள் கிடையாது என்பதும் சேர்ந்ததுதான் அந்தக் கதை.

அதனால் ரஹீமின் காகிதத்தில் தங்கராஜ் பெயர் வந்ததும் பர்மனின் போட்டி அத்தோடு முடிந்தது.

காகிதத்தில் அதைவிட விசித்திரமான இன்னொரு பெயரும் இருந்தது. ஜர்னைல் சிங். ஆசியாவின் மிகச் சிறந்த தடுப்பு வீரர்களில் ஒருவர். தாய்லாந்து ஆட்டத்தில் மண்டை உடைந்து தையல் போட்டிருந்தார்கள். தடுப்பு வீரன் தலையால் பந்தை முட்டியாக வேண்டும். தையல் போட்ட தலையோடு எப்படி? வெளியே உட்கார வை என்பதுதான் நியாயமான பதில். ரஹீம் அவரை முன்னால் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். பின்னால் அவர் இடத்தை அருண் கோஷ் பார்த்துக்கொண்டார். அரையிறுதியிலேயே இந்த வித்தை பலித்து ஜர்னைல் ஒரு கோல் போட்டிருந்தார்.

இப்படி ஒருவர் முன்னால் போனால், முன்னால் இருந்த ஒருவர் வெளியே போக வேண்டும் இல்லையா? அந்த அணியில் பெங்களூரிலிருந்து வந்த எத்திராஜும் அருமைநாயகமும் இருந்தார்கள். இரண்டு பெயரையும் நம் ஊர்ப் பெயர் என்று பையன்கள் உடனே சொந்தம் கொண்டாடினார்கள். இறுதிப் போட்டியின் பதினோரு பேரில் இருவரும் இல்லை. முன்வரிசையில் பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, ஜர்னைல், யூசுப் கான், துளசிதாஸ் பலராம்.

செப்டம்பர் 4. செனாயன் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர் என்கிறார்கள். அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கத்தினார்கள். காரணம் கால்பந்து இல்லை. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்கு வரவிடவில்லை, அதை இந்தியாவின் ஜி.டி.சோந்தி கண்டித்துப் பேசிவிட்டார். ஊரே கொதித்தது. 17ஆவது நிமிடத்தில் பி.கே. ஒரு கோல். 20ஆவது நிமிடத்தில் தையல் தலையோடு ஜர்னைல் ஒரு கோல். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொரியர்கள் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட, தங்கராஜ் பிடித்துக்கொண்டும் குத்தித் தள்ளிக்கொண்டும் இருந்தார். கடைசி நிமிடங்களில் ஒன்றே ஒன்று உள்ளே போனது. 2-1. தங்கம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு அதுதான் கடைசித் தங்கம்.

ஜெயித்ததால்தான் இதை மேதைமை என்கிறோம். இன்னொரு கோல் விழுந்து ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தால், காய்ச்சல்காரனை நிறுத்தித் தோற்ற வாத்தியார் என்று ரஹீமைக் காலமெல்லாம் பேசியிருப்பார்கள். 1950 உலகக் கோப்பையில் மரக்கானாவில் உருகுவேயிடம் பிரேசில் 1-2 என்று தோற்றபோது கீப்பர் பார்போசா மேல் விழுந்த பழி, 2000இல் அவர் சாகும்வரை இறங்கவில்லை. கீப்பர் விஷயத்தில் ரசிகர்களின் நினைவு அப்படி. ஃபார்வர்ட் பத்து வாய்ப்பை விட்டுவிட்டு ஒன்றை அடித்தால் நாயகன், கீப்பர் பத்தைப் பிடித்துவிட்டு ஒன்றை விட்டால் அடுத்த நாள் டீக்கடையில் தூக்கு.

தங்கராஜ் அந்த இடத்துக்கு எப்படி வந்தார் என்பதுதான் மலைப் பையன்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953இல் ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு வந்தார். அது நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில், வெலிங்டனில் இருக்கிறது. நம் சேர்வராயன் மலையைப் போல அதுவும் வெள்ளைக்காரன் குளிருக்காகத் தேடி ஏறிய மலை. நம் மலைக்குக் காப்பி வந்தது, பின்னால் விடுதிப் பள்ளிகள் வந்தன. அந்த மலைக்குப் பட்டாளமும் வந்தது. பள்ளிக்கூடமும் பட்டாளமும் போன இடத்துக்கெல்லாம் கால்பந்தும் போனது.

அவர் முதலில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. கோல் போட வந்தவரைக் கோல் காக்க நிறுத்தினார்கள். 1955இலும் 1958இலும் அந்த வெலிங்டன் அணி டூரண்ட் கோப்பையை வென்றது. நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பை அது. அதை ஒரு மலைமுகாமின் அணி, நாலு வருஷத்துக்குள் இரண்டு தடவை தூக்கிக்கொண்டு வந்தது. சொன்னபோது பையன்கள் முதலில் நம்பவில்லை.

தேசிய அணியிலும் அந்த இடம் சும்மா கிடைக்கவில்லை. ஒற்றப்பாலத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்த எஸ்.எஸ்.நாராயண் என்ற அருமையான கீப்பர் அதே காலத்தவர். 1956 மெல்பர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக்ஸுக்கும் இருவரும்தான் போனார்கள். மும்பைக்காரர்கள் நாராயண் என்பார்கள், பட்டாளத்துக்காரர்கள் தங்கராஜ் என்பார்கள். ரஹீமுக்கு இந்த வழக்கு புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஜகார்த்தாவில் ஒரே ராத்திரியில் யோசித்துத் தங்கராஜைத் தேர்ந்தெடுக்கவில்லை, பல வருஷமாகப் பார்த்த ஆளை எடுத்தார்.

அந்தக் காலத்தில் அணியில் இடம் என்பது சோறும்தான். பட்டாளம், ரயில்வே, துறைமுகம், வங்கி என்று ஏதோ ஒரு நிறுவனம் ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்து வைத்திருக்கும். சென்னையில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப் அணிகளின் கதையும் அதுதான். மலையிலோ கிராமத்திலோ பிறந்த பையனுக்குக் கால்பந்து வழியாக ஒரு மாதச் சம்பளம் வரும் என்றால், அந்தக் கதவு வழியாகத்தான். இன்று ஐ.எஸ்.எல் வந்துவிட்டது, காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரிலிருந்து சிவசக்தி பெங்களூரு அணிக்கு ஆடுகிறார், சென்னையின் நந்தகுமார் 2023இல் கொல்கத்தா டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தார். சந்தோஷம்தான். ஆனால் பழைய நிறுவன அணிகள் தேய்ந்துகொண்டே போகின்றன. பதினேழு வயதில் பள்ளி அணி முடிந்ததும் அடுத்து எங்கே போவது என்று அந்த இடது விங் பையன் கேட்டால் சொல்ல என்னிடம் தெளிவான பதில் இல்லை. சேலத்துக்கு இறங்கு, அங்கிருந்து சென்னைக்குப் போ என்பேன். தங்கராஜுக்கு வெலிங்டனே போதுமானதாக இருந்தது.

2025க்கும் வந்துவிடுகிறேன். ஹாங்காங் தோல்விக்குப் பிறகு ஆகஸ்டில் காலித் ஜமில் பயிற்சியாளர் ஆனார். காஃபா நேஷன்ஸ் கோப்பைக்கு சேத்ரி இல்லாமல் அணியை அறிவித்தார். கோலில் மறுபடி குர்ப்ரீத் சிங் சந்து, ஆறரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. தஜிகிஸ்தானுக்கு எதிராக ஒரு பெனால்டியைத் தடுத்தார். செப்டம்பர் 8 அன்று மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமானின் கடைசி பெனால்டியையும் தடுத்தார். அன்று ராத்திரி வாழவந்தியிலிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "நெட்டையனத்தாண்ணா போடணும். உங்க வாத்தியாருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு." அக்டோபரில் சிங்கப்பூரிடம் கோவாவில் 1-2 என்று தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பே போனபோது அவனிடமிருந்து சத்தம் இல்லை.

ரஹீம் ஜகார்த்தாவிலிருந்து திரும்பி ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. 1963 ஜூன் 11 அன்று இறந்தார். அதே வருஷம் பலராம் நுரையீரல் நோயால் ஆட்டத்தை விட்டார், வயது இருபத்தேழு. அவர் இடத்தை யாரும் பறிக்கவில்லை, உடம்பு பறித்தது. தங்கராஜ் 1964 ஆசியக் கோப்பையிலும் 1966 ஆசிய விளையாட்டிலும் கோலில் நின்றார், 1967இல் அர்ஜுனா விருது வாங்கினார். பிறகு பொகாரோ இரும்பாலைப் பக்கம் போய்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2008 நவம்பர் 24 அன்று அங்கேயே இறந்தார். பர்மனைப் பற்றி ஜகார்த்தா வெற்றிக் கதைகளில் பெரும்பாலும் ஒரு வரிதான் வரும், அதுவும் தங்கராஜின் காய்ச்சலைச் சொல்லும் இடத்தில். தெற்கு வியட்நாமுடன் நடந்த அந்த 3-2 அரையிறுதியில், கோலில் நின்றவர் அவர்.